கொடை வேறு, கட்டாயம் வேறு

சீருடை ஏழை பணக்காரன் வேறுபாட்டை மறைக்கிறது, சாதியை மறக்கடிக்கிறது, எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக்குகிறது என்பது தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட யாருமே மறுக்காத கருத்து. ஆண்டு விழா மேடையில் சொல்கிறார்கள், பட்டிமன்றத்தில் சொல்கிறார்கள், பிள்ளைகள் கட்டுரை ஏட்டில் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். இடதுசாரிகளும் திராவிட இயக்கத்தவரும் தனியார் பள்ளித் தாளாளர்களும் வேறு எதில் முரண்பட்டாலும் இதில் ஒத்துப்போகிறார்கள். இவ்வளவு பேருக்கு உடன்பாடான ஒன்றை நான் மறுக்க வருவதற்குக் காரணம், இந்த நம்பிக்கைக்குள் இரண்டு வெவ்வேறு காரியங்கள் ஒன்றாகக் கலந்து கிடப்பதுதான். உடுத்த நல்ல துணி இல்லாத பிள்ளைக்கு அரசு துணி கொடுத்தது ஒன்று. அந்தத் துணியில் வராத பிள்ளையை வகுப்புக்குள் விடாதே என்பது இன்னொன்று. முதலாவது பெரிய நன்மை செய்தது. அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அந்த நன்மைக்குக் கிடைத்த நல்ல பெயரை இரண்டாவது தனதாக்கிக்கொண்டுவிட்டது. கொடை தொடர வேண்டும், இன்னும் விரிய வேண்டும். கட்டாயம் போக வேண்டும்.

காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1950களின் இறுதியில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். மாற்றுத் துணி இல்லாததால் பள்ளிக்கு வராத பிள்ளை என்பது அன்று கண்ணெதிரே இருந்த சிக்கல். அதற்கு ஊரார் கண்ட தீர்வு அது. 1985இல், சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாமல் சீருடை தரத் தொடங்கியது. 2012-13 கல்வியாண்டு முதல் அது ஆண்டுக்கு நான்கு செட் ஆனது. துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்கின்றன, சமூக நலத் துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. இந்த வரலாற்றில் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்து வந்த ஆற்றல் எது என்று கேட்டால், கையில் கிடைத்த துணி என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். எல்லோரும் ஒரே நிறத்தில் நின்றாக வேண்டும் என்ற விதி அந்த வேலையில் ஒரு பங்கும் ஆற்றவில்லை.

இதை ஊகமாக மட்டும் சொல்லவில்லை. மேற்குக் கென்யாவின் தொடக்கப் பள்ளிகளில் பொருளாதார அறிஞர்கள் மைக்கேல் கிரெமர், எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டுபாஸ் முதலியோர் நீண்ட கால ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். அங்கே எல்லாப் பள்ளிகளிலும் சீருடை வழக்கம் உண்டு. அதைப் பெற்றோர்தான் வாங்கியாக வேண்டும். ஆய்வாளர்கள் சில பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் சீருடையை இலவசமாகக் கொடுத்து, மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். 2003இல் தொடங்கிய ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குள் பள்ளியை விட்டு நின்ற பெண் பிள்ளைகளின் அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 19இலிருந்து 16ஆகக் குறைந்தது; இளம் வயதில் கருவுறுவதும் குறைந்தது. இந்த முடிவைச் சீருடைக்கு ஆதரவான சான்றாக எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. ஆனால் ஒப்பிடப்பட்ட இரு வகைப் பள்ளிகளிலும் சீருடை விதி ஒன்றேதான். வேறுபட்டது, துணியின் செலவை யார் ஏற்றார்கள் என்பது மட்டுமே. இலவசமாகக் கொடுத்த உடனே பிள்ளைகள் நிலைத்தார்கள் என்றால், அதுவரை அவர்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்த காரணங்களில் ஒன்று, காசு கொடுத்துச் சீருடை வாங்கியே தீர வேண்டும் என்ற அந்த விதி. அதே விதியைச் சமத்துவத்தின் கருவி என்று எப்படிக் கொண்டாடுவது?

நம் மாநிலத்திலும் இதே விதி ஓர் இடத்தில் பல்லைக் காட்டுகிறது. விலையில்லாச் சீருடைத் திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில், அரசு விடுதிகளில் தங்கிப் படிப்போர் போன்ற சிலரைத் தவிர, கொடை நின்றுவிடுகிறது, கட்டாயம் நிற்பதில்லை. பிள்ளை வேகமாக வளரும் வயது அது. ஆண்டுக்கு ஆண்டு கால்சட்டையும் சுடிதாரும் சிறுத்துப்போகும். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாமா என்ற பேச்சு வீட்டில் எழுகிற வயதும் அதுவே. இடைநிற்றல் தொடக்கப் பள்ளியைவிட உயர்நிலையில் கூடுதல் என்பது கல்வித்துறையின் கணக்குகளிலேயே ஆண்டுதோறும் தெரிவது. கூலி வேலைக்குப் போகும் தாய் ஜூன் மாதம் துணிக்கடைக்கும் தையற்காரருக்கும் எடுத்து வைக்க வேண்டிய பணம், அந்த வீட்டில் வெறும் துணிச் செலவு அல்ல. எட்டு வயதில் அரசு உடுத்திவிட்ட பிள்ளையைப் பதினான்கு வயதில் அதே உடை இல்லை என்று அசெம்பிளியில் தனி வரிசையில் நிறுத்துவது, கொடுத்த கையாலேயே பறிப்பது.

இனி, எல்லோரும் ஒன்று என்ற வாதத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். ஒரு பள்ளிக்குள் சீருடை ஒன்றாக்குகிறது என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் நம் ஊரில் பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பள்ளியிலா படிக்கிறார்கள்? ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி, சி.பி.எஸ்.இ. பள்ளி, அதற்கும் மேலே பன்னாட்டுப் பாடத்திட்டப் பள்ளி என்று பெற்றோரின் வருமானப்படி பிள்ளைகளைச் சலித்துப் பிரித்துவிட்ட பிறகுதான் ஒவ்வொரு சல்லடையிலும் ஒரு சீருடை போடுகிறோம். வேற்றுமை பள்ளிக்குள் இருப்பதைவிடப் பள்ளிகளுக்கு இடையேதான் மிகுதி. அந்த வேற்றுமையைச் சீருடை மறைப்பதில்லை, தெருவுக்கே அறிவிக்கிறது. காலை எட்டரை மணிக்கு எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் டை, பெல்ட், கறுப்பு ஷூ, புதன்கிழமை என்றால் வெள்ளை கேன்வாஸ் ஷூவும் ஹவுஸ் நிறத்து டி-ஷர்ட்டும் போட்ட பிள்ளை எந்தப் பள்ளி, அதன் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு இருக்கும் என்று ஊரே அறியும். பக்கத்தில் நிற்கும் அரசுப் பள்ளிப் பிள்ளையின் வீட்டு நிலைமையும் அதேபோல் எழுதி ஒட்டியதாகிவிடுகிறது. அவரவர் வீட்டுத் துணியில் வந்திருந்தால் அந்த அளவு துல்லியமாக யாராலும் பிரித்திருக்க முடியாது. சீருடையின் பிறப்பிலேயே இந்தக் குணம் உண்டு. லண்டனில் 1552இல் நிறுவப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளியின் நீல அங்கி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அறமாகக் கொடுக்கப்பட்ட உடை. அணிந்தவர் யாருடைய தயவில் வாழ்கிறார் என்பதை ஊருக்குக் காட்டியதும் அதுவே. மேட்டுக்குடிப் பள்ளிகள் சீருடையைத் தம் பெருமைச் சின்னமாக எடுத்துக்கொண்டது வெகு காலம் கழித்து. இப்போது அதே இங்கிலாந்தில், சீருடைச் செலவு பெற்றோரை நசுக்குகிறது என்று 2021இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

பள்ளிகளுக்கு இடையே உள்ள பள்ளத்தைத் தூர்க்க வழி தெரியாமல் நாம் சீருடையோடு நின்றுவிடவில்லை. 1964-66இல் கோத்தாரிக் குழு அருகமைப் பள்ளியை அடிப்படையாகக் கொண்ட பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. பின்லாந்து 1970களில் அப்படியொரு பொதுப்பள்ளியை நாடு முழுவதும் நிறுவியது. மருத்துவரின் பிள்ளையும் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே வகுப்பில் ஒன்பது ஆண்டுகள் படிக்கிறார்கள். அங்கே சீருடை கிடையாது. நாமோ கோத்தாரியின் பரிந்துரையைக் கிடப்பில் போட்டோம். தமிழ்நாட்டில் சமச்சீர்க் கல்வி வந்தபோதும் பாடநூல்தான் பொதுவானது, பள்ளி பொதுவாகவில்லை. உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் அதை நடைமுறைப்படுத்தச் சொன்ன பிறகு, பல தனியார் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. வாரியத்துக்கு மாறிக்கொண்டன. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களில் சேரும் பிள்ளைகளின் பெற்றோரிடமும் சீருடைக்கென்று தனியே பணம் கேட்கிறார்கள் என்ற புகார் ஓயவில்லை. சமத்துவம் செலவு பிடிக்கும் காரியம், அரசியல் துணிவு வேண்டும் காரியம். ஒரே நிறத்துத் துணியைக் காட்டி அந்தக் காரியம் முடிந்துவிட்டதாக நம்புவதுதான் இந்தக் கருத்தால் விளைந்த பெரிய கேடு என்று நினைக்கிறேன்.

சாதியைச் சீருடை மறக்கடிக்கிறது என்பவர்கள் தென் மாவட்டங்களைப் பார்க்கட்டும். ஒரே சட்டை, ஒரே கால்சட்டை. மணிக்கட்டில் மட்டும் சாதிக்கொரு நிறத்தில் கயிறு. 2019இல் பள்ளிக் கல்வித் துறை இக்கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியபோது எழுந்த எதிர்ப்பில் அரசு பின்வாங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் தடுக்க வந்த அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அந்த மாணவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே சீருடையில் ஒரே வாசலில் நுழைந்தவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடுக்கச் சொல்வதோடு நிற்கவில்லை. பள்ளிகளின் பெயரில் உள்ள சாதிப் பெயரை எடுக்கச் சொல்கிறது. ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமையாசிரியராகப் போடாதே என்கிறது. வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் சாதி தெரியக்கூடாது என்கிறது. சாதி எங்கே உறைந்திருக்கிறது என்பதை அந்தப் பரிந்துரைகள் சரியாகக் காட்டுகின்றன: நிர்வாகத்தில், பதிவேட்டில், ஆசிரியர் அறையில், ஊரில். சட்டையின் நிறத்துக்கு அங்கெல்லாம் எட்டும் கை இல்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. உடுத்தும் உரிமைக்காகவே இந்த மண்ணில் ரத்தம் சிந்தியிருக்கிறது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியப் போராடியதும், 1859இல் வந்த அரசாணைகூட மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்ததும் வரலாறு. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மேல் விதித்த தடைகளில், ஆண்கள் சட்டையோ பனியனோ போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, பெண்கள் ரவிக்கை அணியக்கூடாது என்பன இருந்தன. அடுத்த ஆண்டு விதித்த தடைகளில் அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக்கூடாது என்பதும் சேர்ந்தது. அப்படிப்பட்ட ஊரில், சட்டை போடு என்று பள்ளியே சொன்னால் எவனும் அதைக் கழற்றச் சொல்ல முடியாது. விதியாக இருந்ததால்தான் அது ஒடுக்கப்பட்ட பிள்ளைக்குக் கவசமாயிற்று என்பது அந்த மறுப்பு. ஒரு காலத்துக்கு, ஒரு சூழலுக்கு இது உண்மை என்றே கொள்கிறேன். ஆனால் அந்தக் கவசத்தின் வலிமை, ஒடுக்கியவனைத் தடுத்ததில் இருந்தது. அணிய விரும்புகிற எந்தப் பிள்ளையையும் யாரும் தடுக்க முடியாது என்று அரசு நிற்பதற்கு, அணியாத பிள்ளையைத் தண்டிக்கும் அதிகாரம் தேவையில்லை. அன்றைய போராட்டங்கள் கேட்டதும், என் உடலில் எதை உடுத்துவது என்று வேறொருவன் விதிக்கக்கூடாது என்பதைத்தான். அப்படியானால் சாதிக் கயிறும் கட்டட்டும் என்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. மற்றப் பிள்ளையை மிரட்டவும் தாழ்த்தவும் கட்டப்படும் அடையாளத்தை, அந்தத் தீங்கைக் காரணமாகச் சொல்லித் தடை செய்யலாம், செய்யவும் வேண்டும். தீங்கான ஒன்றை விலக்குவதற்காக, தீங்கற்ற எல்லாவற்றையும் விலக்கி ஒன்றை மட்டும் அணி என்று கட்டளையிட வேண்டியதில்லை.

அந்தக் கட்டளை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கர்நாடகம் காட்டியது. உடுப்பியில் அரசு மகளிர் பி.யூ. கல்லூரி ஒன்றில், ஹிஜாப் அணிந்த மாணவிகளை வகுப்புக்குள் விட மறுத்ததில் தொடங்கியது. 2022 பிப்ரவரி 5ஆம் நாள் மாநில அரசு வெளியிட்ட ஆணை, சமத்துவத்துக்கும் ஒருமைப்பாட்டுக்கும் பொது ஒழுங்குக்கும் ஊறு செய்யும் உடையை அணியக்கூடாது என்றது. மார்ச் 15இல் உயர் நீதிமன்றம் சீருடை விதியை நியாயமான கட்டுப்பாடு என்று ஏற்றது. அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது: நீதிபதி ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார்; நீதிபதி சுதான்ஷு தூலியா, அந்தப் பெண் பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்பதையே முதல் கேள்வியாக எடுத்துக்கொண்டு தடையை மறுத்தார். இதற்கிடையே மாணவிகள் பலர் வகுப்பை இழந்தார்கள், தேர்வை இழந்தார்கள். தலையில் ஒரு துணி இருந்ததால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் படிப்பு எந்த வகையில் கெட்டது என்று யாரும் காட்டவில்லை. படிக்க வந்த பெண்ணைத் திருப்பி அனுப்புவதற்கு அரசாணையில் எழுதப்பட்ட காரணம் சமத்துவம். தமிழ்நாட்டில் அப்படி நடக்காது என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். நடக்காமல் இருப்பதற்கு இங்குள்ள அரசியல் காரணம். விதி அங்கே உள்ளதுபோலவேதான் இங்கேயும் உள்ளது.

ஒழுக்கம் வளர்கிறது என்பது அடுத்த வாதம். இதற்குச் சான்று மெலிது. அமெரிக்காவின் லாங் பீச் நகரம் 1994இல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் சீருடையைக் கட்டாயமாக்கியது. பள்ளிக் குற்றங்கள் குறைந்தன என்று அறிவித்தது. 1996இல் அதிபர் கிளின்டனே அதைப் பரப்பினார். அதே ஆண்டுகளில் அந்த நாடு முழுவதும் குற்றங்கள் குறைந்துகொண்டிருந்தன. டேவிட் பிரன்ஸ்மாவும் கெரி ஆன் ராக்குமோரும் தேசிய அளவிலான மாணவர் தரவுகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட கட்டுரை, வருகையிலோ நடத்தையிலோ போதைப் பழக்கத்திலோ சீருடையால் மாற்றம் ஏதும் இல்லை என்றது. நம் பள்ளிகளில் நடப்பது இதற்கும் மோசம். உடையை அளக்கத் தொடங்கிய கண் உடையோடு நிற்பதில்லை. பையனின் முடிவெட்டு, பெண்ணின் ரெட்டைச் சடை, ரிப்பனின் நிறம், துப்பட்டாவைப் பின் குத்திய விதம், ஓவர்கோட்டின் நீளம் என்று நீள்கிறது. ஜப்பானில் ஒசாகா மாகாணப் பள்ளி ஒன்று, மாணவியின் பழுப்பு முடியைத் திரும்பத் திரும்பக் கறுப்பாக்கச் சொன்னதால் வழக்கே நடந்தது. பி.டி. ஆசிரியரின் காலை நேரம் விளையாட்டுக்குச் செலவாக வேண்டியது. அது பிள்ளைகளின் காலணியைப் பார்ப்பதில் கழிகிறது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தை வருத்துவதையும் தடை செய்கிறது. சீருடை இல்லை என்று நூறு பேர் முன்னால் பிள்ளையை நிறுத்தி வைப்பது அந்தப் பிரிவுக்கு நேர் எதிரானது. அதை யாரும் தண்டனை என்றுகூட எண்ணுவதில்லை.

அடையாளம் தெரிய வேண்டும், பேருந்தில் நடத்துநர் இலவசமாக ஏற்ற வேண்டும் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அதற்கு அடையாள அட்டையும் பஸ் பாஸும் போதும், பாஸைத்தான் ஜூன் மாதமே கொடுக்க வேண்டும். ஆனால் கட்டாயம் போனால் ஏழைப் பிள்ளை கிழிந்த துணியில் வந்து கூனிக் குறுகுமே என்ற கவலை மெய்யானது; பெரும்பாலோர் சீருடையை ஆதரிப்பது இந்தப் பரிவினால்தான். பிறந்த நாளன்று கலர் டிரஸ்ஸில் சாக்லேட் கொடுக்கும் பிள்ளையையும், புது உடை எடுக்க முடியாமல் அன்றும் சீருடையில் வரும் பிள்ளையையும் அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அந்த ஒரு நாள் உடை அவ்வளவு கனப்பதற்குக் காரணம் ஆண்டின் மற்ற நாளெல்லாம் நிறமே இல்லாததுதான். நாள்தோறும் பல நிறமாக இருக்கும் வகுப்பில் ஒரு புதுச் சட்டைக்கு அத்தனை கூர்மை இருக்காது. கூனிக் குறுகச் செய்வதோ கிழிந்த துணி. அதற்கு மருந்து நல்ல துணி. அரசு கொடுக்கும் நான்கு செட்டும் அந்தப் பிள்ளையின் பெட்டியில் இருக்கத்தான் போகிறது. விரும்பினால் நாள்தோறும் போட்டுக்கொள்ளலாம், ஒன்று மழையில் காயாவிட்டால் வீட்டுச் சட்டையில் அச்சமின்றி வரலாம். மேலும், இன்றைக்கு ஒரு வகுப்பில் வேற்றுமையைக் காட்டுவன சட்டையோடு நின்றுவிடவில்லை. பை, டிபன் பாக்ஸ், கைக்கடிகாரம், வீட்டில் செல்போன் உண்டா, மாலையில் டியூஷன் உண்டா என்று எத்தனையோ. சட்டையை ஒன்றாக்கிவிட்டு இவற்றைப் பற்றிப் பேசாமல் இருப்பது ஏழைப் பிள்ளையைக் காப்பதாகாது.

கட்டாயம் இல்லாவிட்டால் கொடுப்பதற்கு மதிப்பிராது என்பார்கள். நம் மாநிலமே இதற்கு மறுமொழி. சத்துணவு பல லட்சம் பிள்ளைகளை நாள்தோறும் பசியாற்றுகிறது. வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வரும் பிள்ளையை, நீ ஏன் வரிசையில் உட்காரவில்லை என்று எவரும் வகுப்புக்கு வெளியே நிறுத்துவதில்லை. அரசு கொடுத்த சைக்கிளில் வராமல் நடந்து வந்தால் தண்டனை இல்லை. 2022இல் தொடங்கிய காலை உணவும் அப்படியே. உணவிலும் சைக்கிளிலும் நம்மால் பிரித்துப் பார்க்க முடிந்த கொடையையும் கட்டாயத்தையும் துணியில் மட்டும் பிரிக்க முடியாமல் போனதற்கு, படைவகுப்பைப் போல நேர்வரிசையில் ஒரே நிறத்தில் பிள்ளைகள் நிற்பது பெரியவர்களின் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வர வேண்டிய அரசாணை மிக எளியது. சீருடை இல்லை என்பதற்காக அரசு, தனியார் எந்தப் பள்ளியும் ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்பவோ தனியே நிறுத்தவோ கூடாது. பள்ளியோ பள்ளி சொல்லும் ஒற்றைக் கடையோ துணி விற்கக்கூடாது. டை, ஷூ ஆகியவற்றை யார்மேலும் திணிக்கக்கூடாது. சாதிக் குறிகளுக்கு எதிரான சந்துரு குழுப் பரிந்துரைகள் நடைமுறைக்கு வர வேண்டும். விலையில்லா உடை ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும் நான்கு செட்டாக, பள்ளி திறக்கும் முன்பே, பிள்ளையின் அளவுக்குத் தைத்துக் கிடைக்க வேண்டும். கட்டாயத்தை எடுத்தால் நெசவாளர் சங்கங்களுக்கும் தையல் சங்கப் பெண்களுக்கும் வேலை போய்விடும் என்று அஞ்சத் தேவையில்லை. மேலும் நான்கு வகுப்புகளுக்குத் துணி வேண்டும் என்றால் அவர்களுடைய தறிக்கும் எந்திரத்துக்கும் வேலை கூடத்தான் செய்யும்.